மட்டிக்கு நேரா நான் எழுதின ‘இல்லை’

நம்ம மீன் துறையில புதுசா சேந்திருக்கற உங்களுக்குக் குடுத்திருக்கற ஏரி சர்வே ஃபாரத்த நானும் வாங்கிப் பாத்தேன். பளபளன்னு இருக்கு. எங்க காலத்துல அது பழுப்புக் காகிதம், கையில மை ஒட்டிக்கும். ஆனா கட்டம் ஒண்ணும் மாறல. ஆறாவது கட்டம் அப்படியேதான் இருக்கு: ‘தற்போதைய பயன்பாடு’. ஏரியில இருக்கற ஒவ்வொண்ணுக்கும் நேரா அத நிரப்பணும். கெண்டைக்கு ஒண்ணு, விராலுக்கு ஒண்ணு, தாமரைக்கு ஒண்ணு, மட்டிக்கு ஒண்ணு.

சின்னக் கட்டம். ரெண்டு வார்த்தைக்கு மேல அதுல எழுத எடம் கெடையாது. நீங்களும் என்னை மாதிரி சாயங்கால பஸ்ஸுல மடி மேல வச்சுத்தான் அத நிரப்பப் போறீங்க. அதனாலதான் கூப்பிட்டதும் வந்தேன். ரிட்டையர் ஆன அன்னிக்குப் பேசச் சொன்னாங்க, நான் மாலைய வாங்கிக்கிட்டு வாயத் தொறக்காம வந்துட்டேன். இன்னிக்குப் பேசறேன். இனிப்பா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, இனிப்பு டீயில இருக்கும்.

பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு நான் அங்க மாத்தலாகிப் போனேன். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஏரிங்க என் பொறுப்பு. மீன் வளக்கறவங்களுக்குத் தீவனம் தயார் பண்ணச் சொல்லிக் குடுக்கறதுதான் முக்கியமான வேலை. அப்ப தீவனம்னா தவிடு, கடலைப் பிண்ணாக்கு, அதோட கொஞ்சம் கருவாட்டுத் தூள். மொத ரெண்டும் உள்ளூர்ல கெடைக்கும். கருவாட்டுத் தூள் கடக்கரையிலேருந்து வரணும். வர்றதுல பாதி மணலு, விலையோ தீபாவளிக்கு ஒண்ணு பொங்கலுக்கு ஒண்ணு. அதுக்குப் பதிலா உள்ளூர்ச் சரக்கு ஏதாவது போட முடியுமான்னு ஆபீஸ்ல ஒரு திட்டம் வந்துச்சு. ஏரி மட்டியோட சதையக் காய வச்சு இடிச்சுப் போட்டா கருவாட்டுத் தூள் செய்யற வேலைய அது செய்யும்னு சொன்னாங்க.

மட்டின்னா உங்களுக்குத் தெரியும்ல? சேத்துல பொதஞ்சு கெடக்கற கறுப்புச் சிப்பி, உள்ளங்கை அகலம் இருக்கும். டவுனுல பொறந்தவங்க ரெண்டு பேர் இங்க தலைய ஆட்டறீங்க, தெரியலன்னு எனக்குத் தெரியுது. பரவால்ல, எனக்கும் அப்ப புஸ்தகத்துல படம் பாத்ததுதான்.

யோசனை நல்ல யோசனைதான். அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கடைசில நீங்க மட்டியக் குத்தம் சொல்லக் கூடாது.

உடையார்பாளையத்துக்குக் கிழக்க ஒரு ஊரு. பேர் வேண்டாம். அந்த ஊர் ஏரிய மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தனபால். நாப்பது வயசு, உழைப்பாளி, வெள்ளாமையும் உண்டு. கருவாட்டுத் தூள் விலையில நொந்து போயிருந்த மனுஷன். ஏரிக்கரைக்குக் கீழ அவருக்கு ஒரு குட்டை இருந்துச்சு, அதுல சோதனை பண்ணிக்கங்க சார்னு குடுத்துட்டார். குட்டை கெடச்சாச்சு, மீன் குஞ்சு விட்டாச்சு. மட்டிய யார் எடுக்கறது, எங்க கெடக்கும், ஒண்ணும் தெரியாம ஒரு வைகாசி மாசம் ஏரிக்குள்ள எறங்கினேன்.

தண்ணி வத்திப்போய் நடுவுல மட்டும் கொஞ்சம் நிக்குது. அதுல ஏழெட்டுப் பொம்பளைங்க தொடையளவு சேத்துல நின்னு ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்காங்க. யாரும் கீழ குனிஞ்சு பாக்கல. திடீர்னு ஒருத்தங்க கைய விட்டு ஒரு மட்டியத் தூக்கி இடுப்புக் கூடையில போடறாங்க, பேச்சு நிக்கவே இல்ல. காலாலயே தேடறாங்க. கட்டவிரல் பட்டதும் பெருசா சின்னதான்னு தெரிஞ்சுடும்.

“என்னம்மா தேடறீங்க?”ன்னு சத்தம் போட்டேன்.

“நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கறதத்தான் தேடறோம். செத்த தள்ளி நில்லுங்க சார்”னாங்க ஒருத்தங்க. மத்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.

அவங்கதான் அஞ்சலை. கீழத்தெரு. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசிருக்கும். வீட்டுக்காரர் கோவிந்தன், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல கல்லு ஒடச்சவர். நெஞ்சு பூரா தூசி ஏறிப் படுத்துட்டார். அஞ்சலையோட கூலியிலதான் வீடு. அந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கற வேலை சித்திரையோட முடிஞ்சுடும். ஆடியில விதைக்க ஆரம்பிக்கற வரைக்கும் கீழத்தெருவுல ஒருத்தருக்கும் வேலை இருக்காது. அந்த ரெண்டு மாசமும் அவங்க சட்டியில கொதிக்கறது ஏரி மட்டிதான். மீனுக்குக் குத்தகை உண்டு, மட்டிக்குக் கெடையாது. எறங்கித் தேடறவங்களுக்கு அது சொந்தம். யாரும் எழுதி வச்சதில்ல, யாரும் கேட்டதும் இல்ல.

நான் என் திட்டத்தச் சொன்னேன். மீனுக்கு மட்டியப் போடப் போறேன்னதும் அவங்க மொகம் போன போக்கப் பாக்கணும்.

“நாங்க மீன் வாங்க வழியில்லாம மட்டி திங்கறோம். நீங்க மட்டிய மீனுக்குப் போட்டு மீன நீங்க திங்கப் போறீங்களா? நல்லாருக்கு சார் உங்க படிப்பு”ன்னாங்க. நானும் சிரிச்சேன். கிண்டல்னு நெனச்சுச் சிரிச்சேன். இப்ப நெனச்சா அன்னிக்கே அவங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டாங்க.

அப்படிச் சொன்னாலும் உதவி பண்ணினாங்க. மொத தடவ நான் மட்டிய எடுத்த கையோட அவிச்சு, காய வச்சு, இடிச்சுப் போட்டேன். ஊரே மூக்கப் பொத்திக்கிச்சு. மீன் கிட்டக்கூட வரல. தனபால் என்னை ஒரு பார்வை பாத்தார், குட்டையக் குடுத்தது தப்போங்கற மாதிரி. அஞ்சலை வந்து மோந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

“மண்ணோடயா அவிச்சீங்க? பேய்கூடத் திங்காது சார் இத.”

அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னாங்க. ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணியில போட்டு வைக்கணும், உள்ள இருக்கற சேத்தக் கக்கிடும். அவிக்கறப்ப வாய் தொறக்காதது செத்தது, தூக்கி எறிஞ்சிடணும். உள்ளங்கைக்குச் சின்னதா இருந்தா எடுக்கறதே கெடையாது, காலால அமுக்கி விட்டுட்டுப் போயிடணும். தொறந்து பாக்கறப்ப ஒண்ணு ரெண்டுல பால் மாதிரி கட்டியா இருந்தா அது குஞ்சு வச்சிருக்கற எடம்னு அர்த்தம், அந்தப் பக்கமே அந்த வருஷம் எறங்க மாட்டாங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். ஒழுங்கா, நம்பர் போட்டு எழுதிக்கிட்டேன். அந்த நோட்டு இன்னும் என் பீரோவுல இருக்கு. ரிப்போர்ட்டுல அதுல ஒரு வரி ஏறல. ரிப்போர்ட்டுக்கு வேண்டியது எத்தனை பங்கு தவிடு, எத்தனை பங்கு மட்டித் தூள், மீன் எவ்வளவு எடை போட்டுச்சுங்கறதுதான்.

மாசி மாசம் குட்டையில வல போட்டோம். கருவாட்டுத் தூள் தின்ன மீனுக்கு இது ஒரு பொட்டுக்கூடக் கொறையல. தனபால் ஒரு கட்லாவ ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, கொழந்தையத் தூக்கின மாதிரி சிரிச்சார். எனக்கும் தலை கால் புரியல. அத்தனை வருஷ சர்வீஸ்ல நான் தொட்டது ஒண்ணு வெளங்கினது அப்பதான்.

இங்க எங்க மேலதிகாரியப் பத்திச் சொல்லணும். கெட்டவர் இல்ல. லஞ்சம் தொட மாட்டார். ஆனா எதையும் நாளைக்குன்னு வைக்கத் தெரியாது. மட்டித் தீவனத்த மாதிரித் திட்டமா மேல அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நின்னார். அடுத்த வைகாசியில ஒரு நாள் காலையில என்னைக் கூப்பிட்டு, “அந்த ஏரிக்கு சர்வே ஃபாரம் இல்லாம ஃபைல் நகராது. போய் நிரப்பிட்டு வா. நாளைக்குக் காலைல என் டேபிள்ல இருக்கணும்”னார். நான் கெளம்பறப்ப திரும்பக் கூப்பிட்டார்.

“மட்டிக்குப் பயன்பாடு என்ன போடுவ?”

“கீழத்தெருவுல சமைச்சுத் திங்கறாங்க சார்.”

“அத எழுதினியோ, அவங்ககிட்ட சம்மதம் வாங்கினியா, எத்தனை குடும்பம், மாற்று ஏற்பாடு என்னன்னு மேலேருந்து கேள்வி வரும். ஃபைலு ஒரு வருஷம் தூங்கும். யோசிச்சு எழுது. சந்தைக்குப் போகுதா? ஏலம் போகுதா? இல்லல்ல? அப்பறம் அது என்னய்யா பயன்பாடு?”

இதத்தான் நீங்க நல்லா கவனிக்கணும். அவர் என்னைப் பொய் எழுதுன்னு சொல்லல. ஒரு வார்த்தைக்கு அர்த்தத்த மாத்திக் குடுத்தார். அது பொய்யவிட ரொம்ப வசதி.

அன்னிக்கு மத்தியானம் ஏரியச் சுத்தி முடிச்சுட்டு வெயில்ல கெறங்கிப் போய் நின்னேன். அஞ்சலை, “வாங்க சார், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க, சட்டி சுத்தமாத்தான் இருக்கு”ன்னு கூப்பிட்டாங்க. போனேன். கத்திரிக்காயும் மட்டியும் போட்ட புளிக்கொழம்பு. கோவிந்தன் செவுத்துல சாஞ்சு உக்காந்து எனக்கு எதிர்ல சாப்பிட்டார். ரெண்டு வாய்க்கு ஒரு தடவ மூச்சு வாங்கிக்குவார்.

“ஆஸ்பத்திரியில கறி, முட்டை, மீனுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார். சீட்டு எழுதறவங்களுக்கு என்னா, கையா வலிக்குது. இந்த ரெண்டு மாசந்தான் நான் இதுக்கு ஒழுங்கா கறி போடறது. இந்த ரெண்டு மாசந்தான் இது எழுந்து வாசலுக்கு வருது”ன்னாங்க அஞ்சலை. சொல்லிக்கிட்டே பெரிய துண்டா பாத்து அவர் தட்டுல போட்டாங்க, அடுத்தது என் தட்டுல.

நான் ரெண்டாந்தடவ சோறு வாங்கினேன். நல்லா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. கீழத்தெருவுல கை நனைச்சேன்னு அப்புறம் ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பெருமை வேற பேசினேன். நான் சாதி பாக்காதவன்னு காட்டிக்கறதுக்கு அந்தக் கொழம்பு ஒதவிச்சு.

சாயங்காலம் ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறி ஃபாரத்த மடியில வச்சேன். கெண்டை, விரால், தாமரை எல்லாம் ஓடிருச்சு. மட்டி வந்ததும் பேனா நின்னுச்சு. ‘உணவு’ன்னு எழுத வந்தது. மூணு எழுத்து. எழுதியிருக்கலாம், யாரும் என் கையப் பிடிக்கல. மேலதிகாரி சொன்னது காதுல ஓடுச்சு. என் குட்டை, என் மீன், என் திட்டம் ஒரு வருஷம் தூங்கறத நெனச்சேன். பஸ் ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. அது நேரானதும் ‘இல்லை’ன்னு எழுதினேன். கை கழுவியும் வெரல்ல கொழம்பு வாசனை இருந்துச்சு.

மனசுக்கு ஒரு சமாதானமும் பண்ணிக்கிட்டேன். திட்டம் வந்தா மட்டி எடுக்க ஆள் வேணும், அஞ்சலைக்கும் மத்தவங்களுக்கும் கூலி கெடைக்கும், வேலையில்லாத ரெண்டு மாசத்துக்கு விடிவு காலம்னு. அவங்ககிட்டயும் போய் அப்படியே சொன்னேன். “உங்க வாயில சக்கரையப் போடணும் சார்”னாங்க.

ஆர்டர் வந்துச்சு. அந்த ஏரியில மீனோட மட்டியும் குத்தகையில சேரும், குத்தகைதாரர் அத எடுத்துத் தீவனம் தயாரிக்கணும்னு. அஞ்சலையையும் கூட்டாளிங்களையும் தனபால் வேலைக்குக் கூப்பிட்டார்தான், ஒரு நாள். காலால தேடிப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கறது அவருக்குக் கட்டுப்படியாகல. மறுநாள் வெளியூர்லேருந்து ஆம்பளை ஆளுங்கள இரும்பு வாரியோட எறக்கிட்டார். வாரிக்குப் பெருசு சின்னது தெரியுமா? பால் வச்சது தெரியுமா? சேத்தோட சேத்தா எல்லாத்தையும் கரையில இழுத்துக் கொட்டுச்சு. நான் பாத்தேன். என் நோட்டு என் பையிலயே இருந்துச்சு. “கொஞ்சம் சின்னத விட்டுட்டு எடுங்க தனபால்”னு சொன்னேன். “பாத்துக்கலாம் சார்”னார். அதோட விட்டுட்டேன்.

அடுத்த வைகாசி. மேலேருந்து ஒரு குழு மாதிரித் திட்டத்தப் பாக்க வர்றதா ஏற்பாடு. அதுக்கு மூணு நாள் முன்னாடி தனபால் ஆபீசுக்குப் போன் பண்ணினார். ஏரியில தகராறு, ஒடனே வாங்கன்னு. மேலதிகாரி என்னைப் பாத்தார். “வர்றவங்க காதுக்கு இது போச்சுன்னா திட்டம் அவ்வளவுதான். உன் பிரமோஷன் ஃபைலும் மேலதான் இருக்கு. பாத்துப் பேசு”ன்னார்.

போனேன். மதகுகிட்ட பாதி ஊரு நிக்குது. நடுவுல அஞ்சலை, இடுப்பு வரைக்கும் சேறு காஞ்சு போய். அவங்க கூடை தனபாலோட ஆளு கையில. அரைக் கூடை மட்டி. தனபால் கையில நம்ம ஆர்டரோட ஜெராக்ஸு, அதோட நான் நிரப்பின ஃபாரமும் சேத்துக் குத்தியிருக்கு.

“சார் வந்துட்டார், அவரே சொல்லட்டும். நான் என்ன அநியாயமா பண்றேன்? மீனோட மட்டியும் எனக்குன்னு ஆர்டர் இருக்கு. யாரும் பயன்படுத்தாத பொருளுன்னு சாரே எழுதியிருக்கார். பாருங்க, ‘மட்டி, தற்போதைய பயன்பாடு, இல்லை’. சாரோட கையெழுத்து”ன்னு தனபால் எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சார்.

அஞ்சலை என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கோவமா இல்ல. ஏதோ கணக்குல தப்பு நடந்திருக்கு, சார் இப்ப சரி பண்ணிருவாருங்கற பார்வை. அந்தப் பார்வையத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

“அவரு தப்பாப் படிக்கிறாருங்களா சார்?”

நான் தனபால் கையில இருந்த காகிதத்தப் பாத்தேன்.

“‘இல்லை’ன்னா எழுதியிருக்கு?”

“ஆமாம்மா.”

“எங்க வூட்ல நீங்க தின்னீங்களே சார்.” குரல் எறங்கிப் போச்சு. “ரெண்டாந்தடவ சோறு வாங்கித் தின்னீங்க. தின்னீங்களா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

இப்ப நீங்க எல்லாரும் உள்ளுக்குள்ள ஒரு பதில் சொல்லிக்கிட்டிருப்பீங்க. ‘ஆமா தின்னேன், நான் எழுதினது தப்பு’ன்னு. சொல்றது சுலபம். அந்தக் கூட்டத்துல, பிரமோஷன் மேல இருக்கறப்ப, மூணு நாள்ல ஜீப்புங்க வர்றப்ப, உங்க கையெழுத்த ஒருத்தன் உயரத் தூக்கிப் பிடிச்சிருக்கறப்ப சொல்லிப் பாருங்க. எனக்கு வரல. வாயில வந்தது ஆபீஸ் பேச்சு.

“அது... ருசி பாத்ததும்மா. அரசாங்கத்துல பயன்பாடுன்னா விக்கிறது வாங்கறது. அத வச்சு எழுதினது. நீங்க எடுக்கறது கணக்குல வராது.”

சொல்லி முடிக்கறதுக்குள்ள என் நாக்கு எனக்கே கசந்துச்சு. சத்தியமா கசந்துச்சு. அஞ்சலை சண்டை போடுவாங்கன்னு பாத்தேன். மண்ண வாரித் தூத்துவாங்கன்னு பாத்தேன். தூத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். “சரிங்க சார்”னாங்க. அந்த ஆளு கையிலேருந்து கூடைய வாங்கி, அதுல இருந்த மட்டிய அவங்களே தனபாலோட குவியல்ல கொட்டினாங்க, கூடைய உதறி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. பின்னாடியே மத்த பொம்பளைங்களும் போயிட்டாங்க.

குழு வந்துச்சு, பாத்துச்சு, பாராட்டிட்டுப் போச்சு. எனக்குப் பிரமோஷன் வந்துச்சு. எல்லாருக்கும் லட்டு குடுத்தேன்.

கோவிந்தன் அடுத்த வருஷம் மார்கழியில போயிட்டார். மட்டி இல்லாததாலதான் போனார்னு நான் சொல்ல மாட்டேன், நான் டாக்டர் இல்ல, அவர் நெஞ்சுல இருந்தது கல்லுத் தூசி. ஆனா அந்த வைகாசியில அவர் எழுந்து வாசலுக்கு வரலன்னு ஊர்ல ஒருத்தர் சொன்னார். நான் கேக்காமயே சொன்னார்.

அப்புறம் மழையே இல்லாத வருஷங்க வந்துச்சு. ஏரி வெடிச்சுக் கெடந்துச்சு. கொஞ்சநஞ்சம் இருந்த மட்டியையும் தனபாலோட வாரி தோண்டி எடுத்துருச்சு. அதுக்கப்புறம் மூட்டையில கட்டின தீவனம் ஜெயங்கொண்டத்துக் கடைக்கே வந்துருச்சு. அவிக்கறது, காய வைக்கறது, இடிக்கறதுன்னு யார் மெனக்கெடுவாங்க? தனபாலே மட்டிய மறந்துட்டார். அந்தத் திட்டம் ஒரு வார்த்தைகூடப் பேசாம செத்துப் போச்சு. ஆர்டர் மட்டும் சாகல. அந்த ஏரியில மட்டி எடுக்கறது அதுக்கப்புறமும் குத்தமாவே இருந்துச்சு.

அந்த நேரம் அரியலூர் தனி மாவட்டமாப் பிரிஞ்சு, ஒரு வருஷத்துல திரும்ப பெரம்பலூரோட சேந்துச்சு. ஃபைலெல்லாம் லாரியில போய் லாரியில வந்துச்சு. இந்த ஃபைலு அதுல எங்கயோ மாட்டிக்கிச்சு. தேடக் கெடைக்கலன்னு சொல்ல ஆசைதான். நான் தேடல. சில வருஷம் கழிச்சு மறுபடி பிரிக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப பழைய கட்டுங்களப் பிரிச்சு அடுக்கினோம். அப்ப என் கையில வந்து விழுந்துச்சு. ஆறாவது கட்டம். ‘இல்லை’. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. பஸ் பள்ளத்துல எறங்கினப்ப இழுத்த கோடு மட்டும் பக்கத்துல.

மேலதிகாரி அதுக்குள்ள ரிட்டையர் ஆயிட்டார். பயப்பட எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அப்பத்தான் எனக்கு வீரம் வந்துச்சு, பாத்துக்கங்க. நான் எழுதினது தப்புன்னு குறிப்பு எழுதினேன். அந்த ஆர்டர ரத்து பண்ணணும்னு ஒவ்வொரு டேபிளா போய் நின்னேன். திட்டினாங்க, சிரிச்சாங்க, எதுக்குய்யா இந்த வேண்டாத வேலைன்னாங்க. ஒரு வழியா ரத்து ஆச்சு. ரெண்டாயிரத்து ஏழு வைகாசியில அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு ஊருக்குப் போனேன்.

அதுக்கு முந்தின வருஷங்கள்ல நல்ல மழை. ஏரி நெறஞ்சு வத்தி, பழையபடி நடுவுல தண்ணி நின்னுச்சு. அஞ்சலை வாசல்ல உக்காந்து, சித்திரையில பொறுக்கின முந்திரிக்கொட்டையச் சாக்குல கட்டிக்கிட்டிருந்தாங்க. தலை நரைச்சுருச்சு. என்னை அடையாளம் தெரிஞ்சு எழுந்து நின்னாங்க. “வாங்க சார், தண்ணி குடிக்கறீங்களா?”ன்னாங்க. அத மட்டும் கேட்டாங்க, சாப்பிடறீங்களான்னு கேக்கல.

நான் காகிதத்த நீட்டினேன். “அந்த ஆர்டர் ரத்து ஆயிடுச்சும்மா. இனிமே உங்கள யாரும் தடுக்க முடியாது. மட்டி உங்களுதுதான்.” அவங்க மன்னிப்பாங்கன்னு, அழுவாங்கன்னு, இல்ல ஒரு தடவ சிரிப்பாங்கன்னாவது வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்திருக்கேன். அப்படியொரு ஆசை இருந்துச்சு, கேவலமான ஆசைதான்.

அவங்க காகிதத்த வாங்கி நாலா மடிச்சு இடுப்புல செருகினாங்க. “வாங்க”ன்னு சொல்லிட்டு ஏரிக்கு நடந்தாங்க. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு சேத்துல எறங்கினாங்க. நான் கரையில நின்னேன். அதே மாதிரி தலைய நிமித்திக்கிட்டு, காலால தேடிக்கிட்டே நடுத்தண்ணி வரைக்கும் போனாங்க. அங்கேருந்து மதகுப் பக்கம் வந்தாங்க. திரும்ப நடுவுக்குப் போனாங்க. ஒரு தடவகூடக் குனியல. வெயில்ல எனக்குக் கண்ணு கூசுச்சு, அரை மணி நேரம் ஆயிருக்கும். வெறுங்கையோட கரையேறி என் முன்னால வந்து நின்னாங்க.

“அந்த ஃபாரத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருந்தீங்களே சார், அத அடிச்சுட்டீங்களா?”

“அடிச்சுட்டேன்மா.”

“ஏன் சார் அடிச்சீங்க? இப்பத்தானே அது உண்மையாச்சு.”